புஷ்பராணியின் மூன்று வீடியோக்கள்

நிரோஷா போன் செய்தாள். "மிஸ், போன் பாடத்துக்கு ரெண்டு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதித் தாங்களேன். அந்தப் பாடத்தை ஆரம்பிச்சதே நீங்கதானே" என்றாள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பதுளையில் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். துடியான பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால், "ஒரு ஆப்பை அழிக்கச் சொல்றதுக்கு ஒரு முழுப் பாடம் வேணுமா மிஸ்?" என்று கடைசியில் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரெண்டு பக்கத்தில் அடங்காது. அடங்காவிட்டால் போகட்டும்.

என் முன்கதை பெரிதாக ஒன்றும் இல்லை. பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தேன். அப்பா கத்தியால் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலும் பிறகு டவுனிலும் படித்து, ஒரு பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்கு வந்து சேர்ந்தேன். வகுப்பில் வோஷிங் மெஷின், அயர்ன் பெட்டி, பால் போத்தலைக் கொதிநீரில் போடுவது, அவசரத்துக்கு நாலு அரபுச் சொல் என்று சொல்லிக்கொடுப்பேன். அயர்ன் பாடத்தில் மட்டும் நான் ரொம்பக் கறார். சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்காதே, தண்ணீர் தெளித்துப் பார் என்று தொண்டை கிழியக் கத்துவேன். எத்தனை பேருக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் பொறுப்பதிகாரி நசீர் சேர். பண்டாரவளையில் துணிக்கடைக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடையில் நிற்க, இவர் மட்டும் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர். வியர்த்தாலும் வியர்க்காவிட்டாலும் கைக்குட்டையை நாலாக மடித்துக் கழுத்துப் பட்டிக்குள் செருகிக்கொள்வார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கெட்ட செய்தியை உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டார். குடும்பத்தார் யாராவது எதிரில் இருக்கும்போது சேர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தால், எங்களுக்கு விஷயம் விளங்கிவிடும். எங்கள் முகத்தைப் பார்த்தே, அவர் வாய் திறக்கும் முன்பு வந்தவர்கள் அழத் தொடங்கிவிடுவார்கள்.

அறிக்கை எழுதுவதில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "உள்ளத உள்ளபடி எழுதுங்க மிஸ்." நான் "பாவப்பட்ட பெண்" என்று எழுதியிருந்தால் "பாவப்பட்ட" என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். "அவ பாவமா இல்லையாங்கிறது எங்கட வேலை இல்ல மிஸ். அடிச்சாங்களா, எங்க அடிச்சாங்க, அத மட்டும் எழுதுங்க" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று சாப்பாட்டு நேரத்தில் புலம்புவேன்.

அந்தச் சட்டத்துக்கே ஒரு நாள் அடி விழுந்தது. பசறையிலிருந்து போன ஒரு பெண்ணை வேலை செய்த வீட்டில் அடிக்கிறார்கள் என்று அவள் அம்மா வந்து முறைப்பாடு சொன்னார். நாங்கள் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொழும்புக்கு அனுப்பினோம். அங்கிருந்து தூதரகத்துக்குப் போய், அங்கிருந்து அந்த ஊர் பொலிசுக்கும் போனது. பொலிஸ் அந்த வீட்டுக் கதவைத் தட்டியதும் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பெண் நகையைத் திருடினாள் என்று எதிர் வழக்குப் போட்டார். வழக்கு முடியும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று அவளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவள் திரும்பி வரும்போது அம்மா உயிரோடு இல்லை. அன்றைக்கு நசீர் சேர் நின்றுகொண்டே செய்தியைச் சொல்லிவிட்டு, வெகுநேரம் உட்காராமலே ஜன்னல் ஓரமாக நின்றார்.

இனி அந்த ஆப்பின் கதைக்கு வருகிறேன். நாட்டில் குழப்பம் வந்தால் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் மூடிவிடுவது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் தடவை மூடியபோது ஊரே தவித்துப் போனது. அப்போதுதான் வீ.பி.என். என்று ஓர் ஆப் கைக்குக் கை பரவியது. நாம் அனுப்புவதை எல்லாம் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டுப்போட்டு, வேறு ஏதோ நாட்டிலிருந்து பேசுவது போலக் காட்டும். பெரகல சந்தியில் காய்கறிக்கடைக்காரர் கூட, கரட் வாங்க வந்தவர்களின் போனில் அதைப் போட்டுக்கொடுத்தார். எங்கள் நசீர் சேரே, "மிஸ், மகனோட பேச ஏலாம ஈக்கி, அந்த சாமானக் கொஞ்சம் போட்டுத் தாங்க" என்று தன் போனை என்னிடம் நீட்டினார். போட்டுக்கொடுத்தேன். தடை நீங்கிய பிறகும் யாரும் அதை அழிக்கவில்லை. பையில் கிடக்கும் குடை மாதிரி அது பாட்டுக்குக் கிடந்தது. மழை வந்தால் விரிப்போம், இல்லையென்றால் மறந்துவிடுவோம். அதில் ஒரு தப்பு இருக்கும் என்று சத்தியமாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

புஷ்பராணி ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்திலிருந்து பயிற்சிக்கு வந்தவள். வாய் ஓயாத பெண். நான் கத்தினால் எனக்கே தண்ணீர் எடுத்துக் கொடுத்து, "குடிங்க மிஸ், நாளைக்கும் கத்தணும்ல" என்பாள். ஒரு நாள் மகளையும் வகுப்புக்குக் கூட்டி வந்திருந்தாள். ஒன்பது வயது இருக்கும். பின் வாங்கில் உட்கார்ந்து அம்மாவோடு கையால் என்னவோ பேசிக்கொண்டே இருந்தது. விரல்கள் அப்படிப் பறந்தன. வகுப்பில் எல்லோரும் பாடத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள்.

"பாப்பாவுக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காதுங்க மிஸ். பேச்சும் இல்ல. ஆனா ரொம்ப வாயாடிங்க" என்றாள் புஷ்பராணி.

"யார் சொல்லிக்கொடுத்தா இதெல்லாம்?"

"யாருங்க மிஸ் சொல்லிக்குடுக்கிறது? காது கேக்காத புள்ளைங்க ஸ்கூல் தூரம். அங்க தமிழும் இல்லைன்னுட்டாங்க. நாங்களே லயத்துக் காம்பராவுல, வீட்டுக்குள்ள செஞ்சுக்கிட்டதுதான். அவளும் நானும் அவங்க அப்பாவும், மூணே பேரு பேசுற பாஷை" என்று பெருமையாகச் சிரித்தாள். போவதற்கு முன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அங்க வீடியோ கோல் எடுக்கலாங்களா மிஸ்? சும்மா கோல் எடுத்து எனக்கு என்னத்துக்கு? அவளுக்குக் கை தெரியணும்ல." வைஃபை இருந்தால் எடுக்கலாம் என்றேன். அப்போது எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் போன நாட்டில் சாதாரண வீடியோ கோல் எல்லாம் மூடித்தான் வைத்திருக்கிறார்கள். புஷ்பராணி என்ன செய்திருப்பாள்? இங்கே மழை வந்தபோது செய்ததை அங்கேயும் செய்தாள். போனிலிருந்த குடையை விரித்தாள்.

கொஞ்ச காலம் போனது. ஒரு காலையில் அவள் கணவன் செல்வராஜ் அலுவலக வாசலில் வந்து நின்றான். மலைக்கு வேலைக்குப் புறப்பட்டவன் அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறான், காலில் மண் கூடக் காயவில்லை.

"கோலே வரலைங்க மிஸ். பாப்பா போனை மடியில வச்சுக்கிட்டு சாப்பிடவே மாட்டேங்குது. அம்மா கோவிச்சுக்கிட்டாளான்னு கேக்குது. நான் என்னன்னு சொல்ல?"

கொழும்புக்கு அறிவித்தோம். பதில் வந்த நாளில் நசீர் சேர் அதை வாசித்தார். கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். செல்வராஜுக்கு அந்தப் பழக்கம் தெரியாது, அப்பாவியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கட மனுசி உயிரோட சுகமா ஈக்கிறா. மொதல்ல அதக் கேட்டுக்கொங்க. ஆனா பொலிஸ்ல வச்சிருக்காங்க."

அந்த வீட்டு அம்மாள் முறைப்பாடு செய்திருக்கிறார். வேலைக்காரி சமையல் குசினிக்குள் நின்று போனைப் பார்த்து இரகசியச் சைகை செய்கிறாள், வீட்டைப் படம் பிடித்து யாருக்கோ காட்டுகிறாள் என்று. பொலிஸ் போனைத் திறந்து பார்த்ததும் வீ.பி.என். அகப்பட்டிருக்கிறது. குற்றம் ஒன்று ரெண்டாகிவிட்டது.

தூதரகம் அந்த நாட்டுச் சட்டப் பகுதியையும் அனுப்பியிருந்தது. சேர் சிறு வயதில் மத்ரஸாவில் அரபு ஓதியவர். விரலை வரி வரியாக வைத்து வாசித்து, பக்கத்தில் இருந்த ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு, எனக்குத் தமிழில் சொன்னார். அனுமதி இல்லாத மறைகுறியாக்க மென்பொருளை, அதாவது செய்திக்குப் பூட்டுப்போடும் ஆப்பை, நாட்டுக்குள் கொண்டு வருவது ஒரு குற்றம். பாவிப்பது இன்னொரு குற்றம். மற்றவருக்குக் கொடுப்பது வேறொரு குற்றம். சில நாடுகளில் இப்படிப்பட்ட மென்பொருளை வெளியே அனுப்புவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமாம். ஏற்றுமதி என்றால் நாங்கள் தேயிலையைத்தான் நினைப்போம். ஒரு லயத்துப் பெண் உடுப்புப் பையோடு விமானம் ஏறும்போது, கைக்குள் இருக்கும் பழைய போனில் ஒரு தடை செய்யப்பட்ட சாமானையும் எல்லை கடத்திக்கொண்டு போகிறாள் என்று யார் கண்டது!

"மிஸ், உங்கட போன்ல அது ஈக்கா?" என்று கேட்டார் சேர்.

"இருக்கு சேர்."

"என்டதுலயும் ஈக்கி" என்றார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேரே வகுப்புக்குப் போய், எல்லோரும் போனை எடுங்கள் என்றேன். சாம்பல், நீலம், கீறல் விழுந்தது என்று வரிசையாக மேசைமேல் வைத்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனேன். ஒருத்தியைத் தவிர எல்லோரிடமும் இருந்தது. அந்த ஒருத்தியிடம் இருந்தது பட்டன் போன். "அடிப் பாவிகளா, அழிங்கடி!" என்று என்னையும் மறந்து கத்திவிட்டேன். ஏன் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. கடைசி வாங்கில் ஒருத்தி, "அப்ப திரும்ப பேஸ்புக்கை மூடினா என்ன மிஸ் செய்றது?" என்று கேட்டாள். நிரோஷா, நீ சிரித்தாயே, அந்தப் பாடம் அப்படித்தான் ஆரம்பமானது.

ஆப் குற்றத்துக்குத் தண்டம் கட்டி ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று அங்கே சொன்னார்களாம். சிக்கல் மற்றதில்தான் இருந்தது. அவள் போனில் மூன்று சின்ன வீடியோக்கள் இருந்தன. கோல் எடுக்க முடியாத நேரங்களில் மகளுக்கு என்று கையால் பேசி எடுத்து அனுப்பியவை. பொலிஸ் அவற்றை அந்த நாட்டுச் சைகை மொழி தெரிந்தவரிடம் காட்டியது. ஒன்றும் விளங்கவில்லை என்றாராம். கொழும்பில் ஒருவரிடம் காட்டினார்கள். அவரும் உதட்டைப் பிதுக்கிவிட்டார். எந்த நாட்டுச் சைகையும் இல்லை என்றால் இது இரகசியச் சங்கேதம்தான் என்று அங்கே முடிவு கட்டப் பார்த்தார்கள். பிள்ளையோடு பேசுவதற்கு ஒரு தாய் செய்துகொண்ட பாஷைக்கு இப்படி ஒரு பெயரா? இந்தச் சைகையின் அர்த்தம் தெரிந்தவரைக் கேட்டு, பொறுப்பதிகாரி முன்னிலையில் எழுதி, உறுதிப்படுத்தி அனுப்புங்கள், அதை வைத்துத்தான் விடுவதா இல்லையா என்று தீர்மானிப்போம் என்று கடிதம் வந்தது. மூன்று வீடியோக்களும் வட்ஸ்அப்பில் வந்தன. பூட்டுப்போட்ட செய்தியாகத்தான் அதுவும் வருகிறது. அதைக் குற்றம் சொல்ல ஆள் இல்லை.

சேரும் நானும் வேனில் புறப்பட்டுப் பெரகல வழியாக இறங்கி, ஹல்துமுல்லை தாண்டித் தோட்டத்துப் பாதையில் போனோம். செல்வராஜ் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் வாங்கு போட்டுத் துடைத்து வைத்திருந்தான். பிள்ளை அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எங்களை எட்டிப் பார்த்தது. ரொம்ப மெலிந்திருந்தது.

சேர் முறையைச் சொன்னார். ஒவ்வொரு வீடியோவையும் முதலில் சும்மா பார்ப்பது. பிறகு நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு அசைவுக்கும் செல்வராஜ் அர்த்தம் சொல்ல, நான் எழுதுவது. கடைசியில் நான் எழுதியதை வாசிக்க, அவன் திரும்பவும் பார்த்துச் சரி சொல்வது. அதற்குப் பிறகுதான் சேர் கையெழுத்து வைப்பார். "உள்ளத உள்ளபடி செல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றார்.

முதல் வீடியோ ஓடியது. குசினிச் சுவருக்கு முன்னால் புஷ்பராணி. கொஞ்சம் வெளுத்திருந்தாள். ரெண்டு விரலை உச்சந்தலையில் வைத்தாள்.

"அது அம்மாங்க. கொழுந்துக் கூடைக் கயிறு தலையில நிக்கிற எடம்" என்றான் செல்வராஜ்.

கையைக் குறுக்கே வீசினாள். "அது நான். கவ்வாத்துக் கத்தி." இடுப்பைச் சுற்றி எதையோ இழுத்துக் கட்டினாள். "அது மழைங்க. மழைன்னா நனையாம படங்கு கட்டுவோம்ல." உள்ளங்கையால் தட்டினாள். "ரொட்டி தட்டுறது. சாப்பிட்டியான்னு கேக்குறா." அம்மா நல்லா இருக்கேன், அங்க மழையா, அப்பாவும் நீயும் சாப்பிட்டீங்களா. அவ்வளவுதான் அந்த முதல் சங்கேதம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேர் வேறு பக்கம் பார்த்தார்.

ரெண்டாவதில் நெற்றிக்கு மேலே தொப்பி விளிம்பைத் தொடுவது போலக் காட்டினாள். செல்வராஜ் சிரித்தேவிட்டான். "அது தோட்டத்துத் துரைங்க. தொப்பி. அந்த வீட்டுக்காரம்மாவை அப்பிடித்தான் சொல்லுவா. துரையம்மா தூங்குறாங்க, அதான் இப்ப பேசுறேங்குறா." பிறகு விரித்த கையை மேசைமேல் முன்னும் பின்னும் தேய்த்தாள். "இது அயர்ன். ஸ்கூல் சட்டையை அயர்ன் பண்ணிப் போடச் சொல்றா." சொல்லச் சொல்ல எனக்கே அந்தப் பாஷை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. பிள்ளையும் பயம் தெளிந்து முன்னால் வந்து, நான் அந்தக் கத்திச் சைகையைச் செய்து காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

சேர் மூன்றாவது வீடியோவைத் தொட்டார். அதன் முதல் படம் தெரிந்ததுதான் தாமதம், பிள்ளை பாய்ந்து வந்து ரெண்டு உள்ளங்கையாலும் போனை மூடிக்கொண்டது. செல்வராஜ், "என்னம்மா, என்னம்மா" என்று அதன் கையை விலக்கினான். "இதை நான் பாக்கவே இல்லைங்களே சேர். இவ காட்டவே இல்லையே" என்றான். பிள்ளை தலையை ஆட்டி ஆட்டி அழுதது. அவன் அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வீடியோ ஓடியது.

தொப்பி விளிம்பு. பிறகு அயர்ன். ஆனால் இந்தத் தடவை கை மேசையில் போகவில்லை. தன் இடது முழங்கைக்குக் கீழே, வெறும் தோலின்மேல் போனது. திரும்பவும் தொப்பி விளிம்பு. திரும்பவும் கையின்மேல் அயர்ன். உதட்டில் ஒரு விரல். பிறகு கவ்வாத்துக் கத்தி. கடைசியில் சிரித்துக்கொண்டே ரொட்டி தட்டினாள்.

நான் சொல்லிக்கொடுத்த அந்தப் பெட்டி! அதை எடுத்துப் புஷ்பராணியின் கையில் வைத்திருக்கிறார்களா? அதையும் அப்பாவிடம் சொல்லாதே என்று, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் மட்டும் சொல்லியிருக்கிறாளே, அந்தப் பிள்ளையும் இத்தனை நாள் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்ததே! செல்வராஜின் முகத்தில் இரத்தமே இல்லை.

"என்ன செல்றா?" என்று கேட்டார் சேர்.

செல்வராஜ் போனைப் பார்த்தான், சேரைப் பார்த்தான். "இதை எழுதி அனுப்பினா அங்க அந்த வீட்டு ஆளுங்களுக்கும் தெரியுங்களா சேர்?"

"பொலிசுக்குப் போகும். பொலிஸ் விசாரிப்பாங்க."

அவன் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "ஒண்ணும் இல்லைங்க. துரையம்மா வீட்டுல அயர்ன் வேலை கூடவாம். நீயும் ஸ்கூல் சட்டையை அயர்ன் பண்ணிப் போடு, வாயாடாம அப்பா சொல்றதைக் கேளுங்குறா. சாப்பிடுன்னு சொல்றா."

"வேற ஒண்ணும் இல்லயே?"

"இல்லைங்க சேர்."

நான் சேரைப் பார்த்தேன். இந்த மனுஷன் விட மாட்டார், நிறுத்தி நிறுத்தித் திரும்பவும் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எழுதுங்க மிஸ்" என்றார்.

எழுதினேன். முறைப்படி வாசித்தேன். செல்வராஜ் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். நான் என்ன வாசிக்கிறேன் என்று பிள்ளைக்குக் கேட்காது. அதற்குத் தெரிந்தது அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டியதுதான். அம்மா மறைக்கச் சொன்னதை அப்பா எங்களிடம் சொல்லிவிட்டார் என்றே அது நினைத்திருக்க வேண்டும். புறப்படும்போது நான் உச்சந்தலையில் ரெண்டு விரலை வைத்து, அம்மா வந்துவிடுவாள் என்று காட்டினேன். பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போனது.

வேன் மலையேறி ஹப்புத்தளைக்கு வந்தது. சேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "புஷ்பராணிட கையில சூடு வச்சிருக்காங்க மிஸ்" என்றார்.

"தெரியும் சேர்."

"பசறைப் புள்ளக்கு உள்ளத உள்ளபடிதான் எழுதினேன்" என்றார். இத்தனை வருஷமாக அந்த மனுஷனைப் பற்றி நான் புலம்பியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

புஷ்பராணி வந்துவிட்டாள். மழையா, சாப்பிட்டியா, சட்டையை அயர்ன் பண்ணிப் போடு என்பதில் இரகசியம் இல்லை என்று அங்கே ஒப்புக்கொண்டு, ஆப்புக்கு மட்டும் தண்டம் போட்டு அனுப்பினார்கள். போனைக் கொடுக்கவில்லை. ஊர் வந்த சூட்டோடு கணவனையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். நீளக் கை சட்டையை மடித்து விட்டாள். அயர்ன் பெட்டியின் மூக்கு அப்படியே தோலில் பதிந்திருந்தது. ஒன்றல்ல, ரெண்டு.

"எழுதுங்க மிஸ். அந்த வீட்டுக்கு இனி எந்தப் புள்ளையையும் அனுப்பக் கூடாது. உள்ளதை உள்ளபடி எழுதுங்க" என்றாள்.

எழுதி அனுப்பினோம். கொழும்பிலிருந்து பதில் வந்தது. உங்கள் அலுவலகமே உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பின்படி, இந்தப் பெண் மகளிடம் எந்தக் குறையும் சொல்லவில்லையே, காயம் வேலைத்தலத்தில் ஏற்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள். நசீர் சேர் தன் செலவில் கொழும்புக்குப் போனார். தான் உறுதிப்படுத்தியது பொய் என்று வாயால் சொன்னார். பென்சன் போனாலும் போகட்டும் என்றுதான் போயிருக்கிறார். அதைப் பொய் என்று நாமே சொன்னால் இனி எந்த நாடு நம் கையெழுத்தை நம்பும், அங்கே உள்ளே இருக்கிற மற்றப் பெண்களின் கதி என்ன, பேசாமல் போங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். கோப்பையும் மூடிவிட்டார்கள்.

சேர் நின்றுகொண்டுதான் அதை அவளிடம் சொன்னார். "நான்தான் கையெழுத்து வச்சது மகள். என்னைய ஏசுங்க" என்றார்.

அவள் அவரை ஏசவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள். "மூணாவதை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் சட்டையை அயர்ன் பண்ணச் சொன்னேன்னு சொன்னீங்களா?"

"நீ வரணும்ல புள்ள" என்றான் செல்வராஜ். அழுதுகொண்டிருந்தான்.

"வந்துட்டேன்ல" என்றாள். மடித்த கையை இறக்கி விட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

சேரும் ஓய்வு பெற்றார், பிறகு நானும் ஓய்வு பெற்றேன். அந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்று மனது அரித்துக்கொண்டே இருந்தது. போன மாதம்தான் போக முடிந்தது. செல்வராஜ் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். இஸ்தோப்பில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வளர்ந்துவிட்டது. விரல்கள் முன்பைப் போலவே பறந்தன. எனக்கு விளங்கும் என்ற ஆசையில் உற்றுப் பார்த்தேன். கூடைக் கயிறு இல்லை. தொப்பி இல்லை. ரொட்டி தட்டவில்லை. ஓர் அசைவு கூட எனக்குத் தெரிந்ததாக இல்லை.

"எல்லாத்தையும் மாத்திட்டாங்க மிஸ்" என்றான் செல்வராஜ், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கும் இப்ப வெளங்கிறதில்லை."

புஷ்பராணி எழுந்து வந்து வாங்கு போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள், என் முழங்கால் வலியை விசாரித்தாள். பழைய மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பிள்ளை என்னைப் பார்த்து அவளிடம் வேகமாக என்னவோ கேட்டது. அவளும் வேகமாகப் பதில் சொன்னாள்.

"என்ன கேக்குறா பாப்பா?" என்றேன்.

அவள் என் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். "மழை வருமான்னு கேக்குறாங்க மிஸ்."

நான் மலையைப் பார்த்தேன். வெயில் பளிச்சென்று அடித்தது. கண்ணுக்கெட்டிய வரை ஒரு மேகம் இல்லை.

"வராது போல இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன்.